மைக்ரோவேவை எங்கே வைப்பது?

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன விஷயத்தைப் பத்தி. மைக்ரோவேவ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ரிவ்யூ பார்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும் எங்க காலி இடம் இருக்கோ அங்க வெச்சிடறோம். பெரும்பாலும் அந்தக் காலி இடம் ஃபிரிட்ஜ் தலைமேலதான் இருக்கும்.

இந்தப் பெட்டிக்கு இடம் தேடுற பிரச்சினை புதுசு இல்லைங்க. 1945-ல பெர்சி ஸ்பென்சர்ங்கிற அமெரிக்க இன்ஜினியர், ரேடார் வேலை பண்ணும்போது கண்டுபிடிச்ச விஷயம் இது. 1947-ல விற்பனைக்கு வந்த முதல் மாடல் கிட்டத்தட்ட ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ. மேடை மேல வைக்கிற சைஸுக்கு வந்து பிரபலமானது 1967-லதான்.

எங்க திருப்பூர் கதைக்கு வரேன். ஒன்றரை ஷிப்ட்னா காலையில 8.30-க்கு உள்ள போனவங்க ராத்திரி 8.30-க்குத்தான் வெளிய வருவாங்க. எங்க வீட்டுல அப்பா ஒரு நேரம், நான் ஒரு நேரம், அம்மா ஒரு நேரம். ஆளாளுக்குக் குழம்பைச் சூடு பண்ணிக்கத்தான் மைக்ரோவேவ். அதனால இடம் பார்க்கும்போது முதல் கேள்வி, 'எங்க காலியா இருக்கு?' இல்ல. 'ராத்திரி 9 மணிக்கு, அலுத்துப்போய் வந்து, இதை யார் திறப்பாங்க?'

எங்க வீட்டுல அது அம்மா. 4 அடி 10 அங்குலம். இருபது வருஷத்துக்கு மேல ஓவர்லாக் ஓட்டினவங்க. வலது கையைத் தோளுக்கு மேல தூக்கினா வலிக்கும். ஃபிரிட்ஜ் உயரமே 5 அடி. அதுக்கு மேல இருந்து கொதிக்கிற ரசத்தை எட்டி எடுத்தா, கிண்ணம் கொஞ்சம் சாஞ்சாலும் நேரா முகத்துலதான் ஊத்தும். மைக்ரோவேவ்ல சூடான தண்ணி சில நேரம் குமிழி விடாமலே கொதிநிலையைத் தாண்டிடும். அசைச்சதும் பொங்கி அடிக்கும். அதனால வீட்டுலயே குள்ளமானவங்களோட தோளுக்குக் கீழ, முழங்கை உயரத்தை ஒட்டி இருக்கணும். எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் மேடை அங்கயே அவுட்.

ரெண்டாவது, கரண்ட். பெட்டியில 700 வாட்ஸ்னு போட்டிருக்கறது சாப்பாட்டுக்குப் போற சக்தி. சுவத்துல இருந்து இழுக்கறது 1200 வாட்ஸ் வரைக்கும் போகும். 230 வோல்ட்டால வகுத்தா 5 ஆம்ஸுக்கு மேல. கன்வெக்ஷன் மாடல்னா 2000 வாட்ஸைத் தாண்டும், 9 ஆம்ஸ் பக்கம். மிக்ஸி போடுற சின்ன பிளக்ல இதைச் செருகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பெரிய பவர் பிளக் வேணும். அதே லைன்ல இண்டக்ஷன் அடுப்பும் ஓடுச்சுன்னா ரெண்டும் சேர்ந்து லோடு ஏறும். பனியன் கம்பெனியில அயர்ன் டேபிளுக்குத் தனி லைன் இழுக்கிற மாதிரிதான் இதுவும்.

மூணாவது, காத்தும் கதவும். பல மாடல்கள்ல பின்பக்கம் 10 சென்டிமீட்டர், மேல 20 சென்டிமீட்டர் இடைவெளி கேட்பாங்க. உங்க மாடலோட மேனுவலைப் பாருங்க. அடுப்புக்கு மேல வெச்சா ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள போகும். கதவு பெரும்பாலும் இடது பக்கமாத் திறக்கும். அதனால சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க வலது பக்கம் ஒரு தட்டு அளவாவது இடம் வேணும்.

இதெல்லாம் பார்த்தா எங்க வீட்டுல பொருந்தினது சமையல் மேடையோட ஒரு மூலைதான். ஆனா அங்க அம்மாவோட கிரைண்டர் இருக்கு. "அதைக் கீழ இறக்கிடலாம்"னு அப்பா சொன்னார். அம்மா கேட்டாங்க: "வாரம் ரெண்டு தடவை அதைத் தூக்கி மேல வைக்கப் போறது யாருங்க?"

யாரும் பதில் சொல்லலை. சின்ன வீட்டுல ஒரு புதுப் பொருளுக்கு இடம் கொடுக்கறதுன்னா, வேற யாரோட வேலையோ கஷ்டமாகுதுன்னு அர்த்தம். பொருள் வாங்குறது சம்பளம் வாங்குற பிள்ளைங்க. இடம் விட்டுக்கொடுக்கிறது எப்பவும் அம்மாக்கள்.

கடைசியில மைக்ரோவேவ் சமையலறைக்குள்ளயே போகலை. வாசப்படியை ஒட்டி, ஹால் சுவரோரம் நிக்குது. வெல்டிங் பட்டறையில சொல்லி 80 சென்டிமீட்டர் உயரத்துல இரும்பு ஸ்டாண்ட். வலது பக்கம் தட்டு வைக்க ஒரு பலகை. எலக்ட்ரீஷியனை வெச்சு 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர்ல, எர்த்தோட தனி லைன், தனி எம்.சி.பி. "ஹால்ல பார்க்க நல்லா இல்லையே"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்க, லைன் இழுக்கறதுக்கும் சுவத்துல ஓட்டை போடறதுக்கும் முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுக்கோங்க. பவர் பிளக்குக்கு வழியே இல்லைன்னா மைக்ரோவேவ் வாங்காம இருக்கறதும் நல்ல முடிவுதான்.

மாடல் தேடறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்து, அதை அதிகமா உபயோகிக்கப் போறவங்களை நிக்க வெச்சு, தரையில இருந்து முழங்கை வரைக்கும் அளந்துக்கோங்க. அந்த நம்பர்தான் முதல் ஸ்பெக். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்ங்க.