பள்ளிக்கூடத்தை நகர்த்தினால் போதும்

தோழர்களே, நகரத் திட்டமிடல்னு சொன்னதும் பூங்கா, அகலமான சாலை, சாக்கடை என்றுதான் நினைக்கிறோம். பொறியாளர் சமாச்சாரம், நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினின் கதையைக் கேட்டால் அப்படி விட முடியாது.

1839இல் எட்வின் வாலர் இரண்டு ஓடைகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக அந்த ஊரை வரைந்தார். அதன் கிழக்கு விளிம்பு ஈஸ்ட் அவென்யூ. 1865இல் அடிமைமுறை ஒழிந்ததும் விடுதலையான கறுப்பின மக்கள் ஊரின் பல திசைகளிலும் குடியேறினார்கள். மேற்கே 1871இல் கிளார்க்ஸ்வில் உருவானது. சொந்த மண், சொந்த சர்ச்.

இவர்களை ஒரே மூலையில் ஒதுக்க வெள்ளை அதிகாரம் விரும்பியது. குறுக்கே ஒரு தீர்ப்பு நின்றது. வெள்ளையர் அதிகமுள்ள தெருவில் கறுப்பர் குடியேறத் தடைவிதித்த லூயிவில் நகரச் சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. மனிதர் சமம் என்பதற்காகவா? சொத்தை விற்கிறவனின் உரிமை கெடுகிறது என்பதற்காக.

சட்டம் போட முடியாது. என்ன செய்தார்கள்? 1928இல் கோச் அண்டு ஃபௌலர் என்ற பொறியாளர் நிறுவனம் ஆஸ்டினுக்குத் திட்டம் எழுதியது. ஈஸ்ட் அவென்யூவுக்குக் கிழக்கே ஒரு பகுதியைக் கறுப்பர் வட்டாரம் என்று குறித்தது. யாரையும் போகச் சொல்லலை. கறுப்பர்களுக்கான பள்ளி, பூங்கா எல்லாம் அங்கேயே இருக்கட்டும், தானாக வந்துசேர்வார்கள் என்றது. புள்ளைங்க படிக்கணுமே, என்ன செய்வாங்க? போனார்கள். கிளார்க்ஸ்வில்லில் பள்ளி 1918லேயே மூடப்பட்டிருந்தது. அங்கேயே பிடிவாதமாக இருந்தவர்களுக்கு 1970கள் வரை ஒழுங்கான தார் ரோடு வரலை.

1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு கிழக்கு ஆஸ்டினைச் சிவப்பால் குறித்தது. சிவப்பென்றால் கடனுக்கு ஆபத்தான இடம். வங்கியில் கடன் மனு வாங்குகிறவன் நான். மனுவிலேயே ரொம்ப சாதுவான கட்டம் முகவரிதான். நிறத்தைக் கேட்காமலே அது பதிலை வாங்கிவிடும்.

1962இல் அதே ஈஸ்ட் அவென்யூ மேல் நெடுஞ்சாலை திறந்தார்கள். காகிதக் கோடு கான்கிரீட் ஆனது. பிறகு கிழக்கே நில மதிப்பு ஏறியதும் வீட்டு வரியும் வாடகையும் ஏறின. 2000க்கும் 2010க்கும் இடையில் ஆஸ்டின் மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு கூடியது; கறுப்பர் எண்ணிக்கையோ குறைந்தது. இழுத்து வந்த இடத்திலிருந்தே மறுபடி தள்ளப்பட்டார்கள்.

சட்டத்தில் ஒதுக்கல் எங்கேயும் இல்லையே என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம், தோழர்களே. வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். பள்ளி எங்கே, குழாய் எங்கே, கடன் எங்கே போய் நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.