கணினியில் எழுதிப் பார்ப்போம்



தோட்டத்தில் ஒரு மனு எழுதுவதென்றால் எவ்வளவு பாடு என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல. லயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இருபது குடும்பங்கள் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் எழுதி முடித்த பிறகுதான், "கடைசி வீட்டுக்காரர் பெயர் விட்டுப் போயிற்றே!" என்று ஒருவர் சொல்லுவார். உடனே ஓரத்தில் இடுக்கி எழுத வேண்டும். இல்லையேல் முதலிலிருந்து எழுத வேண்டும். தட்டச்சுப் பொறி இருந்தாலும் கதை இதுதான். தாளில் விழுந்த எழுத்து விழுந்ததுதான்.

இந்தத் தொல்லையை நீக்கிய ஒரு சிறு கருவியைப் பற்றி இன்று பேசுவோம். கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பை 'நிரல்' என்கிறோம். எழுதவும், எழுதியதைத் திருத்தவும் உதவும் நிரலை 'எழுதும் நிரல்' என்று வைத்துக்கொள்வோம்.

1982ஆம் ஆண்டில் 'கொமடோர் 64' என்ற வீட்டுக் கணினி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 595 அமெரிக்க டாலர். பார்ப்பதற்கு அது தடித்த தட்டச்சுப் பலகை போலத்தான் இருக்கும். கணினி முழுவதும் அந்தப் பலகைக்குள்ளேயே அடக்கம். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி போதும். பாட்டுக் கேட்கும் கேசட் நாடாவிலேயே எழுதியதைப் பதிந்து வைக்கலாம். அதற்கென ஒரு பதிவுக் கருவி தனியாக உண்டு.

எழுதும் நிரல்கள் அந்நாளில் கடையில் நல்ல விலைக்கு விற்கப்பட்டன. ஆனால், 1984ஆம் ஆண்டு ஜனவரியில், 'கம்ப்யூட்ஸ் கெசட்' என்ற அமெரிக்க மாத இதழ் ஒரு புதுமை செய்தது. சார்லஸ் பிரனன் என்பவர் எழுதிய 'ஸ்பீட்ஸ்கிரிப்ட்' என்னும் எழுதும் நிரலை, இதழின் பக்கங்களிலேயே எண்களாக அச்சிட்டு வெளியிட்டது. இதழை வாங்கியவர் அந்த எண்களை ஒவ்வொன்றாகத் தம் கணினியில் தட்டிக்கொள்ள வேண்டும். நிரல் ஏறக்குறைய ஐயாயிரம் எண்கள் அளவுடையது. ஓர் எண் பிசகினாலும் நிரல் ஓடாது. ஆகவே ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்திருந்தார்கள். தராசில் நிறுத்த பால் கணக்கும் கிராணியின் புத்தகக் கணக்கும் ஒத்துப் போகாவிட்டால் உடனே தெரிந்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். பணம் இல்லாதவரிடம் பொறுமை இருந்தால் போதும்; ஓர் இதழின் விலைக்கு எழுதும் நிரல் கைக்கு வந்துவிடும்.

சரி, அதன் முன் நாம் உட்கார்ந்து பார்ப்போம். திரையில் 25 வரிகள். வரிக்கு 40 எழுத்துகள். தட்டச்சு செய்யும்போது வரி முடிந்தால் சொல் தானாகவே அடுத்த வரிக்கு இறங்கிக்கொள்கிறது. மின்னும் ஒரு சிறு கட்டம், நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டுகிறது. விட்டுப்போன பெயரைச் சேர்க்க வேண்டுமா? அந்தக் கட்டத்தை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்த் தட்டினால், பின்னால் உள்ள எழுத்துகள் எல்லாம் நகர்ந்து இடம் கொடுக்கின்றன. ஒரு வாக்கியம் வேண்டாமென்றால் அழிக்கலாம். ஒரு பத்தியைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம். எல்லாம் சரியாக அமைந்த பின்புதான் தாளில் அச்சிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாம் தட்டிய எழுத்துகள் கணினியின் நினைவகத்தில் மின்சாரத்தின் தயவில்தான் நிற்கின்றன. மின்சாரம் போனால் எழுத்தும் போயிற்று. தோட்டத்து ஜெனரேட்டர் இரவில் நின்றவுடன் லயம் முழுவதும் இருண்டதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அவ்வாறே பாதிக் கடிதத்தில் மின்சாரம் நின்றால், நாடாவில் பதியாத கடிதம் திரும்பவே வராது. ஆகையால் அடிக்கடி பதிந்துகொள்ளும் பழக்கம் தேவைப்பட்டது.

இவ்வளவு வசதியும் யாருக்கு? ஆங்கிலம் எழுதுவோருக்கு. மலாய் மொழியும் ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், அதற்கும் அந்தப் பலகை உடனே பயன்பட்டது. தமிழுக்கு மட்டும் ஏன் பயன்படவில்லை? இதை நம் வீட்டுப் பெண்களே எளிதில் புரிந்துகொள்வார்கள். ஏனெனில் இது புள்ளிக் கோலத்தின் கணக்கு.

கொமடோரின் திரையில் ஒவ்வோர் எழுத்தும் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி என்ற கோலம். மொத்தம் 64 புள்ளிகள். எந்தப் புள்ளி ஒளிர வேண்டும், எது இருளாக இருக்க வேண்டும் என்று நாமே வரைந்து, புதிய எழுத்து வடிவங்களை உண்டாக்கலாம். 'ப', 'ட' போன்றவற்றுக்கு எட்டுப் புள்ளி போதும். 'ண', 'ஞ', 'ணூ' ஆகியவற்றை எட்டுப் புள்ளிக்குள் வரைந்து பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அகலமாக வேண்டுமென்று இரண்டு கட்டம் கொடுத்தால், வரிக்கு 40 எழுத்து என்பது 20 ஆகிவிடும்.

எழுத்துகளின் எண்ணிக்கையையும் பார்ப்போம். தமிழில் 247 எழுத்து என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் தனித்தனியாக வரைய வேண்டிய வடிவங்கள் அத்தனை இல்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகார வரிசை 36, உகர ஊகார வரிசை 36, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என 4. ஆக மொத்தம் 125. கொமடோர் ஒரே சமயத்தில் 256 வடிவங்களை வைத்துக்கொள்ளும். எனவே இடம் இருந்தது. 125 வடிவங்களைச் சில பத்து விசைகளில் எப்படிப் பொருத்துவது என்பதே சிக்கலாயிற்று.

இது முன்பே ஒருவர் சந்தித்த சிக்கல்தான். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் ஆர். முத்தையா. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இளம் வயதில் நம் மலாயாவுக்கு வந்து வேலை பார்த்தவர். சில விசைகளை அழுத்தினால் தாள் நகராமல் நிற்கும். அடுத்த எழுத்து அதே இடத்தில் சேர்ந்துகொள்ளும். இப்படி இரண்டு விசைகளால் ஓர் எழுத்து பிறந்தது. பின்னர் 1978இல் தமிழ்நாட்டு அரசு, பெரியார் கையாண்ட முறையைத் தழுவி, ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளுக்கு இருந்த தனி வடிவங்களை நீக்கிற்று. மலேசியாவும் சிங்கப்பூரும் அம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டன. கற்கும் பிள்ளைக்கும் சுமை குறைந்தது. பொறிக்கும் சுமை குறைந்தது.

கணினியில் இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களுள் முன்நின்ற ஒருவர் நம் நாட்டவர். கவிஞர் முரசு நெடுமாறனின் மகனான முத்து நெடுமாறன், 1985இல் தனியாள் கணினிக்கென 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னாளில் அது 'முரசு அஞ்சல்' என்று பெயர் பெற்று உலகத் தமிழரிடையே பரவிற்று. ஒலிப்புக்கு ஏற்ற ரோமன் விசைகளைத் தட்டினால், தமிழ் எழுத்து திரையில் வரும்.

அதன் பிறகும் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் எண்முறையை வைத்துக்கொண்டது. ஒருவர் எழுதிய கடிதம் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறையில் தமிழுக்கும் தனி இடம் கிடைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'தமிழ் 99' என்னும் பொது விசைப்பலகை வந்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'க'வைத் தட்டி 'இ'யைத் தட்டினால் 'கி'. ஆக, உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று முதலாம் வகுப்பில் படித்த பாடமே கணினிக்கும் வழியாயிற்று! 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளை அறிந்த பிள்ளை 247ஐயும் தட்டிவிடும்.

இன்று இதற்குத் தனியே செலவு செய்ய வேண்டியதில்லை. 2005இல் கைப்பேசிக்கென 'செல்லினம்' வந்தது. 2013 முதல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகைகள் இடம்பெற்றுள்ளன. மற்றக் கைப்பேசிகளிலும் தமிழில் எழுதலாம். கொமடோரைப் போல் பல்லாயிரம் மடங்கு நினைவகம் உள்ள கருவி நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கிறது. கருவி வந்துவிட்டது, அதைக்கொண்டு எதை எழுதப் போகிறோம்?

நேயர்களே, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தை அறியாதார் சிலரே. 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் தொடங்கினார். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. ஆனால் காட்டை வெட்டியவர் யார், கன்றை நட்டவர் யார், 'தென்னமரம்' என்ற தமிழ்ப் பெயரைச் சொல்லி அழைத்த வாய்கள் யாருடையவை? அந்தப் பெயர்ப் பட்டியலை எவரும் நமக்கு எழுதித் தரமாட்டார்கள். 1980களுக்குப் பிறகு சிலாங்கூரில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறின. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் என்று சிதறிய குடும்பங்களின் நினைவில்தான் அவை மிச்சம் இருக்கின்றன. அந்த நினைவோ பதியாத கடிதம் போன்றது.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, வீட்டிலுள்ள முதியவர் சொல்லச் சொல்ல, எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், பக்கத்து வீடுகளில் யார் யார் என்பதைப் பிள்ளைகள் தமிழில் தட்டி வைக்கட்டும். பிழை வந்தால் அஞ்ச வேண்டாம். திருத்துவதற்காகத்தானே இந்தக் கருவி! இரண்டாவது, எழுதியதன் கீழ் தேதியும் ஊரும் போடுவோம். மூன்றாவது, ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் பதிந்து வைத்து, ஒரு பிரதியைத் தாளிலும் அச்சிடுவோம்.

கடைசி வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போயிருந்தால், இடையில் சேர்த்துக்கொள்ளலாம். மற்றப் பெயர்கள் நகர்ந்து இடம் கொடுக்கும். அந்த வேலையை இந்த வாரமே தொடங்குவோம்.