விலகிய கை

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு பழைய வீடு. சாப்பாட்டு மேசைக்கு அருகே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வயதான பெண்மணி, மே பார்க்கர். மற்றவன் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை, பீட்டர். இருவரின் கைகளும் கோத்திருக்கின்றன. பீட்டர் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறான். மே ஒன்றும் பேசவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொள்கிறார். எழுந்து மாடிப்படி ஏறிப் போய்விடுகிறார்.

2004-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று அமெரிக்காவில் வெளியான 'ஸ்பைடர்மேன் 2' படத்தில் வரும் காட்சி இது. ஓடும் ரயிலின் கூரைமேல் சண்டை, நான்கு இரும்புக் கைகளோடு சுவரேறும் வில்லன் என்று அந்தப் படத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அந்தக் காட்சி ஜாலங்களுக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைப்பது அந்தக் கை விலகும் இடத்தில்தான். எத்தனையோ சூப்பர் ஹீரோ படங்களுக்கு இரண்டாம் பாகம் வருகிறது. சிலவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மனசு நிறைந்திருக்கிறது, பலவற்றில் வெறும் கண் மட்டும் களைத்திருக்கிறது. அந்த வித்தியாசம் எங்கே பிறக்கிறது? இதற்கு விடை தேடினால் நான் வந்து நிற்பது இந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

முதல் பாகத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். அது 2002-இல் வந்தது. இரண்டையும் இயக்கியவர் சாம் ரைமி. பெற்றோர் இல்லாத பீட்டரை வளர்த்தவர்கள் பெரியப்பா பென்னும் பெரியம்மா மேயும். சிலந்தி கடித்துச் சக்தி வந்ததும் பையன் பணம் சம்பாதிக்க மல்யுத்தப் போட்டிக்குப் போகிறான். வீட்டில் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான். ஜெயித்தபிறகும் பேசின பணத்தைத் தராமல் ஏமாற்றுகிறார் போட்டி நடத்தியவர். அதே ஆளிடம் ஒரு திருடன் கொள்ளையடித்து ஓடும்போது, 'எனக்கென்ன வந்தது' என்று பீட்டர் வழிவிட்டு நிற்கிறான். அந்தத் திருடன் வெளியே காரை மறிக்கிறான். காரில் இருந்தவர், பையனை வீட்டுக்கு அழைத்துப்போகக் காத்திருந்த பெரியப்பா.

1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய காமிக்ஸ் கதையிலேயே இந்தக் குற்ற உணர்வுதான் ஆணிவேர். படத்தில் அது இன்னும் ஒரு முடிச்சோடு நிற்கிறது. முதல் பாகம் முடியும்போது, பென் எப்படி இறந்தார் என்ற முழு உண்மை தெரிந்தவர்கள் பீட்டரும் பார்வையாளர்களாகிய நாமும் மட்டும்தான். மேவுக்குத் தெரியாது. வில்லன் செத்தான், படம் முடிந்தது, நாமும் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் ஒரு கணக்கு நேராகவில்லை.

இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் பொதுவாகக் கையில் எடுப்பது வேறு கணக்கை. போன தடவை ஒரு வில்லன், இந்தத் தடவை இரண்டு. போன தடவை ஒரு கட்டடம், இந்தத் தடவை ஒரு நகரம். அதற்குப் பணம் இருந்தால் போதும். முதல் பாகத்தில் யார் யாருக்கு எதைச் சொல்லாமல் விட்டார்கள், யார் எதை இழந்துவிட்டு அழக்கூட நேரமில்லாமல் போனார்கள் என்று திரும்பிப் பார்ப்பதற்கு மனசு வேண்டும். 'ஸ்பைடர்மேன் 2' அப்படித் திரும்பிப் பார்த்த படம்.

படம் தொடங்கும்போது பீட்டர் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். வழியில் குழந்தைகளைக் காப்பாற்றியதால் நேரம் தவறி, அந்த வேலையும் போகிறது. வாடகை பாக்கி. கல்லூரியில் வகுப்புக்குப் போக முடிவதில்லை. உலகத்தைக் காப்பாற்றுகிறவன் தன் துணிகளைத் தானே சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டு, சிவப்புச் சட்டையின் சாயம் வெள்ளைத் துணிகளில் ஏறியிருப்பதைப் பார்த்து நிற்கிறான். இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கஷ்டங்களை ரைமி அவசரமே இல்லாமல் காட்டுகிறார்.

பீட்ஸா வேலை போன அன்றுதான் அவனுக்குப் பிறந்தநாள். மே வீட்டில் சின்ன விருந்து. அந்த வீட்டின் கடனுக்கு பேங்க் நோட்டீஸ் அனுப்பியிருப்பதை பீட்டர் பார்த்துவிடுகிறான். கிளம்பும் நேரத்தில் மே அவன் கையில் இருபது டாலர் திணிக்கிறார். அவன் மறுக்கிறான். சாதுவான அந்த அம்மாவுக்கு ஆவேசம் வந்துவிடுகிறது. வாங்கிக்கொள், இங்கே வைத்துவிட்டுப் போகாதே என்று கத்துகிறார். அடுத்த நொடியே உடைந்து அழுகிறார். அடுத்த மாதம் வந்தால் பென் போய் இரண்டு வருஷம் என்கிறார். அவர் சாவுக்குக் காரணமானவன் என் எதிரே வந்து நின்றால் நான் என்ன செய்வேனோ தெரியாது என்கிறார்.

எதிரே நிற்பவன் யார் என்பது நமக்குத் தெரியும்.

கொடுப்பவர் கையில் இல்லாத பணம், வாங்குபவனுக்குத் தகுதியில்லாத அன்பு. அந்த இருபது டாலர் தாளில் படம் தன் கணக்கை எழுதிவிட்டது. வில்லன் இன்னும் வில்லனாகவே ஆகவில்லை. ஆனால் நமக்குப் பதைப்பு தொடங்கிவிடுகிறது.

பிறகு அந்த மேசைக் காட்சி. பென்னின் கல்லறைக்குப் போய்விட்டு இருவரும் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மே தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். நீ ரயிலில் போகிறேன் என்றாய், அவர்தான் காரில் கொண்டுபோய் விடுவேன் என்றார், நான் தடுத்திருந்தால் இன்று மூன்று பேருமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்போம் என்கிறார். பீட்டருக்கு இனி வாய் மூடியிருக்க வழியில்லை. தண்டனைக்குப் பயந்து மறைத்தது ஒருபக்கம் இருக்கட்டும். தப்பே செய்யாத ஒருத்தி அந்தப் பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது இரண்டாவது துரோகம். அதனால் சொல்கிறான்.

இந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர் ஆல்வின் சார்ஜென்ட். 1927-இல் பிறந்தவர். படம் வந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழு. அதற்கு முன்பே இரண்டு ஆஸ்கர் விருதுகள் வாங்கியிருந்தார். அவற்றில் ஒன்று, 1980-இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கிய 'ஆர்டினரி பீப்பிள்' படத்துக்கு. படகு விபத்தில் அண்ணன் இறந்துபோக, உயிர் பிழைத்த தம்பி குற்ற உணர்வில் வெந்து தவிக்கிற கதை அது. வீட்டுக்குள் யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேச மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டபோதுதான் மேசைக் காட்சியின் அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. ஒரு குடும்பத்தின் மௌனத்தை எழுதத் தெரிந்தவரிடம் சூப்பர் ஹீரோ படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மே வேடத்தில் ரோஸ்மேரி ஹாரிஸ், பீட்டராக டோபி மக்வயர். மே ஒரு சொல் திட்டியிருந்தால்கூட பீட்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சார்ஜென்ட் அந்த ஒரு சொல்லைக்கூட எழுதவில்லை.

பீட்டருக்கு இந்தப் படத்தில் சக்தி குறைந்துகொண்டே வருகிறது. நூல் வரமாட்டேன் என்கிறது, கண் மங்குகிறது, பழைய மூக்குக்கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறுகிறது. கடைசியில் சந்துக் குப்பைத்தொட்டியில் உடையைப் போட்டுவிட்டு நடந்து போகிறான். ஸ்பைடர்மேன் காமிக்ஸில் 1967-இல் வந்த ஐம்பதாவது இதழில் ஜான் ரொமிட்டா வரைந்த புகழ்பெற்ற படம் அது. ரைமி அதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். சக்தி ஏன் போகிறது என்பதற்கு விஞ்ஞான விளக்கம் எதுவும் கிடையாது. வேண்டியதும் இல்லை. உள்ளே பூட்டி வைத்தது உடம்பைக் கெடுக்கும் என்று படத்தில் ஒருவர் சொல்கிறார். அப்படிச் சொல்பவர், பின்னால் வில்லனாகப் போகிற ஆட்டோ ஆக்டேவியஸ். ஆல்ஃபிரட் மொலினா நடித்த பாத்திரம். தன் வீட்டுக்கு வந்த பீட்டரிடம், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காதலைப் பற்றிச் சொல்கிற அறிவுரை அது. அடுத்து அவர் தன் எந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும்போது அதே மனைவி அவர் கண்ணெதிரே இறந்துபோகிறார். முதுகில் நான்கு இரும்புக் கைகள் ஒட்டிக்கொள்கின்றன. அறிவுரை சொன்னவர், பெற்றவன் இரண்டு பேரும் ஒரே வியாதிக்காரர்கள்.

மே திரும்பி வருகிறார். வீட்டைக் காலி செய்து சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது, சொன்னாயே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பீட்டரை மெச்சுகிறார். பக்கத்து வீட்டுச் சிறுவனைக் காட்டி, அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு நாயகன் வேண்டும் என்கிறார். சரியானதைச் செய்ய, மனசு மிகவும் ஆசைப்படுவதையே சில சமயம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார். பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? படம் வாய் திறப்பதில்லை. தெரிந்துதான் பேசுகிறார் என்று நான் நம்புகிறேன். வேறு மாதிரி நம்புகிறவர்களுக்கும் படத்தில் இடம் இருக்கிறது.

இனி கிளைமாக்ஸ். அங்கே பீட்டர் ஜெயிப்பது கைபலத்தால் அல்ல. தன் முகத்தைக் காட்டி ஆக்டேவியஸிடம் பேசுகிறான். பெரியம்மா தனக்குச் சொன்ன அதே சொற்களை அவரிடம் சொல்கிறான். சாமான் மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒரு வயதான அம்மா சொன்னது, இடிந்துகிடக்கும் சோதனைச்சாலையில் ஒரு மனிதனை மனிதனாகவே சாக வைக்கிறது. தன் வாழ்நாள் கனவான அந்த எந்திரத்தோடு அவர் ஆற்றில் மூழ்குகிறார். ஒரு வாய்ச்சொல் இப்படிக் கைமாறிப் போய் வேலை செய்வதைப் பார்க்கும்போது வருகிற நிறைவை எந்த வெடிச்சத்தமும் கொடுத்துவிட முடியாது.

ரயில் காட்சியையும் சொல்லாமல் விட மனமில்லை. தறிகெட்டு ஓடும் ரயிலைத் தன் உடம்பாலேயே நிறுத்திவிட்டு மயங்கிச் சாய்கிறான் பீட்டர். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்குமேல் ஏந்தி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். பார்த்தால் சின்னப் பையன். என் மகன் வயதுகூட இருக்காது என்கிறார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பித் தருகிறார்கள், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். படம் முழுக்க வேலை, வாடகை, காதல் என்று எல்லா இடத்திலும் தோற்றவனை முன்பின் தெரியாத ஜனங்கள் தாங்கிப் பிடிக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அதுவரை அத்தனை அவமானங்களையும் நாம் பொறுமையாகப் பார்த்திருக்கிறோம்.

1980-இல் வந்த 'சூப்பர்மேன் 2' படத்திலும் நாயகன் காதலுக்காகச் சக்தியைத் துறக்கிறான். அருமையான கரு. கிறிஸ்டோபர் ரீவ் உயிரைக் கொடுத்து நடித்திருப்பார். ஆனால் கடைசியில் ஒரு முத்தத்தில் காதலி லோயிஸுக்கு எல்லாம் மறந்துபோகிறது. பட்ட வேதனைக்கெல்லாம் அடையாளமே இல்லாமல் துடைத்துவிட்டார்கள். எனக்கு அது இன்றுவரை ஏமாற்றம். ரைமியே 2007-இல் எடுத்த மூன்றாம் பாகத்தில், பென்னைச் சுட்டது வேறொருவன் என்று புதுச் செய்தி வருகிறது. அந்தப் படத்தில் மன்னிப்பைப் பற்றி நல்ல காட்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மேசைமுன் உட்கார்ந்து பீட்டர் ஒப்புக்கொண்ட அந்தப் பழியின் எடை அதனால் குறைந்துவிட்டது. நம்மை அழவைத்த உண்மையில் பின்னால் வந்து கைவைக்கலாமா?

மறதியையே விலையாக்கிய படமும் இருக்கிறது. 2021-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்'. அதில் டாம் ஹாலண்டின் பீட்டர், உலகம் தன்னை அடியோடு மறந்துவிட ஒப்புக்கொள்கிறான். காதலி வேலை பார்க்கும் கடைக்குப் போகிறான். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதியே கொண்டுபோயிருக்கிறான். அவள் நெற்றியில் காயத்துக்குப் போட்ட கட்டைப் பார்க்கிறான். காப்பியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறான். அதே படத்தில், 2014-இல் வந்த வேறொரு ஸ்பைடர்மேன் படத்தில் தன் காதலி க்வென் விழுந்தபோது காப்பாற்ற முடியாமல் போன ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் ஸ்பைடர்மேன், ஏழு வருஷம் கழித்து, விழும் இன்னொரு பெண்ணைத் தாவிப் பிடிக்கிறான். தரையில் இறக்கி, உனக்கு ஒன்றுமில்லையே என்று அவளிடம் கேட்கும்போது அவனுக்கே முகம் உடைந்துபோகிறது. சில நொடிகள்தான். க்வென் திரும்பி வரவில்லை. அவன் கை மட்டும் இந்தத் தடவை எட்டியது.

'ஸ்பைடர்மேன் 2' ஒரு முகத்தில் தொடங்குகிறது. பீட்டர் காதலிக்கும் மேரி ஜேன் விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகம். நடித்தவர் கிர்ஸ்டன் டன்ஸ்ட். கீழே நின்று பீட்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். முடிவதும் அதே முகத்தில்தான். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். வேறொருவனோடு நடக்கவிருந்த கல்யாணத்தை விட்டுவிட்டு, மணப்பெண் உடையோடு பீட்டரின் அறைக்கு ஓடிவந்திருக்கிறாள். சேர்ந்தாயிற்று. அப்போது தெருவில் போலீஸ் வண்டியின் சைரன் கேட்கிறது. போய் வா என்று அவளே அனுப்பிவைக்கிறாள். அவன் ஜன்னல் வழியாகப் பாய்ந்து போகிறான். அவள் ஜன்னலோரம் வந்து நின்று, அவன் போன திசையைப் பார்க்கிறாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.