பாதுகாப்பு ஆணை நமக்கும் உண்டு
(பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)





இந்த மேடையில் நான் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்துவிட்டார்கள். "மிளகாய்த்தூள் விலையைப் பத்திப் பேசப் போறீங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தா நடத்திய மளிகைக் கடையில் உட்கார்ந்தவன் நான். வழக்கறிஞரும் இல்லை, ஆலிமும் இல்லை. தலைப்போ பெரியது: பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் எதிரான வன்முறையைத் தடுக்க உலக நாடுகளின் அரசாங்கங்கள் என்ன செய்கின்றன? எனக்கு ஏன் இந்தத் தலைப்பு என்று மகளிர் பிரிவில் கேட்டேன். "எல்லா வீட்டுப் பெண்களும் உங்க கடைக்குத்தான் வர்றாங்க" என்றார்கள். அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

மறுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடை அடைக்கும் நேரத்தில் ஒரு தங்கச்சி வந்தார். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவர். ஐஸ் இருக்கிறதா என்று கேட்டார். முக்காட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. ஐஸைப் பையில் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் போகாமல் நின்றார். "நானா, இதையெல்லாம் எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

நான் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். "பொறுமையா இருங்க தங்கச்சி. புள்ளைங்க இருக்கு. ஷரீஆ கோர்ட்டுக்குப் போனா தலாக்குலதான் போய் முடியும்."

"எனக்குத் தலாக் வேணாம் நானா. அடிக்காம இருந்தாப் போதும்" என்றார் அவர்.

என்னிடம் பதில் இல்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அவர் கேட்டது சட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்று தெரியாது. தலாக் இல்லாமல், அடி மட்டும் நிற்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்குப் பெயர் பாதுகாப்பு ஆணை, ஆங்கில எழுத்துகளில் பிபிஓ என்பார்கள். பிறகு அவரைக் குடும்ப சேவை நிலையத்துக்கு அழைத்துப் போனவர் அதே மாடியில் குடியிருந்த ஒரு மலாய் அம்மா. அவர் தொடக்கப்பள்ளி வரைதான் படித்தவர். அவருக்குத் தெரிந்தது டிப்ளோமா வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

எனக்கிருந்த குழப்பம் உங்களில் பலருக்கும் இருக்கும். மாதர் சாசனம் 1961இல் வந்தது. திருமணம், மணவிலக்கு பற்றிய அதன் பகுதிகள் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. நம்முடைய தலாக், ஃபஸ்க் எல்லாம் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் கீழ் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் போகும். அதனால் மாதர் சாசனம் என்றாலே அது மற்றவர்களுக்கு என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் பகுதி எல்லா மதத்தினருக்கும் உரியது. அந்த ஆணையைக் கொடுப்பது ஷரீஆ நீதிமன்றம் அல்ல, குடும்ப நீதிமன்றம். வாசலும் வேறு, வழக்கும் வேறு. கொடுமை தாங்காமல் ஃபஸ்க் கேட்பவர் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் போகட்டும். அடி நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்பவர் அங்கே போக வேண்டியதே இல்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1996இல்தான். முஸ்லிம் குடும்ப விவகாரங்கள் அங்கே மாநிலங்களின் கையில் இருப்பதால், இந்தச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்துமா என்று நீண்ட வாதம் நடந்தது. கடைசியில் அதைத் தண்டனைச் சட்டத்தோடு இணைத்தார்கள். அடிப்பது குற்றம், குற்றத்துக்கு மதம் கிடையாது என்பதுதான் அதன் பொருள். இந்தியாவில் 2005இல் இயற்றி 2006இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டமும் எல்லா மதப் பெண்களுக்கும் உரியது. ஊரில் அக்கா தங்கச்சி உள்ளவர்கள் இதை நினைவில் வையுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையம் தமிழ்நாட்டில் 1992இலேயே தொடங்கிவிட்டது, முதலாவது சென்னை ஆயிரம் விளக்கில். பிரேசிலில் 1985இல் சாவ் பாவ்லோ நகரில் பெண்களுக்கென்று தனிக் காவல் நிலையம் திறந்தார்கள்.

அதே பிரேசிலில் மரியா டா பென்யா என்ற பெண்ணை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கணவரே சுட்டார். அது 1983இல் நடந்தது. அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார், வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அவர் விடவில்லை. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் வரை போனார். 2001இல் அந்த ஆணையம் பிரேசில் அரசாங்கத்தையே பொறுப்பாளியாக்கியது. 2006இல் வந்த சட்டத்தை இன்று அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். நம் சமூகத்தில் இப்படி ஒரு பெண் இருந்திருந்தால் "இவ்வளவு தூரம் போகணுமா?" என்று நாமே கேட்டிருப்போம்.

உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் இத்தகைய வன்முறையைச் சந்திக்கிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த மண்டபத்தில் உள்ள நாற்காலிகளை நான் எண்ணிச் சொல்லப் போவதில்லை.

சரி, ஆணை கேட்டால் என்ன நடக்கும்? கடைக்காரன் என்பதால் நடைமுறையைத்தான் முதலில் விசாரித்தேன். விண்ணப்பத்தை இணையத்தில் செய்யலாம், குடும்ப வன்முறைக்கான சிறப்பு நிலையங்களிலும் உதவி கிடைக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆங்கிலம் வராதவர்களுக்கு நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. மருத்துவரின் சீட்டு, காயத்தின் படம், காவல்துறையில் கொடுத்த புகார் ஆகியவை இருந்தால் நல்லது. ஆபத்து உடனடியானது என்றால், விசாரணைக்கு முன்பே இடைக்கால ஆணை கொடுக்க முடியும். பிறகு கணவரையும் அழைத்துக் கேட்பார்கள். வன்முறை நடந்தது அல்லது நடக்கக்கூடும், பாதுகாப்பு தேவை என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஆணை. "பெண்கள் பொய் வழக்குப் போடுவாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் சகோதரர்கள் இந்த வரியையும் சேர்த்து அனுப்பலாம். ஆண்களும், வயதான பெற்றோரும்கூட இதே ஆணையைக் கேட்கலாம்.

ஆணை வந்த அன்றே கணவரைச் சிறையில் போடுவதில்லை. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்பதுதான் ஆணை. ஆலோசனைக்குப் போகும்படியும் உத்தரவிடலாம். அதை மீறினால்தான் அது குற்றமாகி, காவல்துறை கைது செய்யும். தேவைப்பட்டால் அவரை வீட்டிலிருந்தோ ஓர் அறையிலிருந்தோ விலக்கி வைக்கலாம். வீவக வீடு அவர் பெயரில் இருந்தாலும் அது தடையில்லை, வீட்டின் உரிமையும் அதனால் மாறாது.

2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போகிறது. கை நீட்டுவது மட்டும் வன்முறை அல்ல, மனத்தை நோகடிப்பதும், யாரோடும் பேசவிடாமல் அடக்கி வைப்பதும் அதில் சேரும். மணமாகாத பெண் தானே விண்ணப்பிக்க முன்பு 21 வயதாக வேண்டும், இப்போது 18 போதும். வீட்டில் அண்ணன் அடித்தாலும் அத்தா அடித்தாலும் அந்தப் பிள்ளை கேட்கலாம். ஆபத்து மிகுந்த நேரத்தில் அரசாங்க அதிகாரியே அவசர ஆணை பிறப்பிக்கலாம். பிள்ளைகள் இருக்கும் சபை, நாசூக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணவன் என்ற காரணத்தால் பாலியல் பலாத்காரக் குற்றத்திலிருந்து கிடைத்துவந்த விலக்கு 2020 ஜனவரி 1 முதல் முழுமையாக நீங்கிவிட்டது.

ஊரிலிருந்து வந்த மருமகள்களின் பயம் வேறு. விசாவுக்குக் கையெழுத்துப் போடுபவர் கணவர். "போலிஸுக்குப் போனா ஊருக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு வார்த்தை போதும், வாய் மூடிவிடும். குடும்ப நீதிமன்றம் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் ஆணை கொடுப்பதில்லை. இதைச் சொல்லத் தாய்வீடு பக்கத்தில் இல்லை, நாம்தான் இருக்கிறோம். நம் சங்கம் தொடங்கிய காலத்தில் ஊரிலிருந்து தனியாக வந்த ஆண்களுக்குத் தங்க இடமும் வேலையும் தேடிக் கொடுத்தார்கள் என்று அத்தா பெருமையாகச் சொல்வார்கள். தனியாக வந்த பெண்ணுக்கு என்ன செய்தோம் என்று கேட்டால், கல்யாண விருந்து சாப்பிட்டோம் என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது.

வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் இயங்குகிறது. மகளிர் பிரிவுச் சகோதரிகள் வாசல் மேசையில் இந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். போகும்போது எடுத்துச் செல்லுங்கள். நானும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். "என்ன நானா, இதெல்லாம் மளிகைக் கடையிலயா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஒட்டிய மூன்றாவது வாரம் ஒரு பெண் உப்புப் பாக்கெட் ஒன்று வாங்கினார். மீதிச் சில்லறைக்காக நிற்கும்போது கைப்பேசியில் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.