குலுக்கலில் சமநீதி உண்டோ?

இளையோர் விரும்பிப் படிக்கும் ஆங்கிலப் புதினத் தொடர் ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அமெரிக்க எழுத்தாளர் சுசான் காலின்ஸ் அம்மையார் 2008 முதல் 2010 வரை மூன்று நூல்களாக வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' என்பதே அது.

பானெம் என்னும் கற்பனை நாட்டில் 12 மாவட்டங்கள் தலைநகருக்கு அடிமைப்பட்டுக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் மாவட்டத்திற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டு, ஒருவரே எஞ்சும்வரை கொலைக்களத்தில் மோதவிடப்படுகின்றனர்.

சீட்டு அனைவர்க்கும் பொதுவன்றோ எனலாம். சூழ்ச்சி அங்கேதான் உள்ளது. பசித்த வீட்டுப் பிள்ளை தன் பெயரை மேலும் ஒருமுறை எழுதித் தந்தால், ஒருவர்க்கு ஓராண்டுக்கான சிறிது தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அச்சீட்டுகள் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும். பசியறியாப் பிள்ளைக்கு 16 வயதில் 5 சீட்டுகளே. தாய், தங்கை, தான் என மூவர்க்காக எழுதித் தந்த காட்னிஸுக்கோ 20. விதி ஒன்றே, சுமை ஒன்றன்று.

அனைவர்க்கும் ஒரே தேர்வு என்கின்றனர். விடியுமுன் கூலிவேலை முடித்து வந்து அத்தேர்வில் அமரும் நம் பிள்ளைகளை நாம் அறிவோம்.

இறுதி நூலில், வென்ற தலைவி தலைநகர்ப் பிள்ளைகளையும் அவ்வாறே மோதவிட முனைகிறாள். அவளையே காட்னிஸ் அம்பெய்து வீழ்த்துகிறாள். நாம் வேண்டுவது இடமாற்றமன்று. அக்களமே ஒழிதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, எவர் பெயர் எத்தனை சீட்டில் உள்ளதென்று கணக்குக் கேளுங்கள். கல்வி அதற்கே.