சீருடையைக் கழற்ற மறுத்தவர்

(திரையிடல் ஒன்றின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம்)



படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சத்தமாகவே சொன்னார்: "வில்லன்தான், ஆனா என்னா மனுசன்யா!" நான் பேச நினைத்து வந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. முதல்முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த உணர்வு நமக்குள் எப்படி வருகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

'தி ஸ்பை இன் பிளாக்', 1939 ஆகஸ்டில் லண்டனில் வெளியான படம். இயக்கியவர் மைக்கேல் பவல், திரைக்கதை எமெரிக் பிரஸ்பர்கர். பின்னாளில் புகழ்பெற்ற அந்த இணை முதலில் சேர்ந்து வேலை செய்தது இதில்தான். கதை நடப்பது 1917இல். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன் ஹார்ட், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் ஒரு மோட்டார் சைக்கிளோடு கரையேறுகிறார். ஸ்காப்பா ஃப்ளோவில் நிற்கும் பிரிட்டிஷ் கடற்படையின் நடமாட்டத்தை அறிந்து சொல்ல வேண்டும். பச்சையாகச் சொன்னால் உளவு வேலை. ஆனால் ஹார்ட் தன்னை உளவாளி என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். கோட்டுக்குள்ளே கடற்படைச் சீருடையைப் போட்டுக்கொண்டே திரிகிறார்.

இதற்குச் சட்டரீதியான காரணம் உண்டு. 1907ஆம் ஆண்டு ஹேக் போர் விதிகளின் 29ஆவது பிரிவுப்படி, மாறுவேடம் போடாமல் எதிரிப் பகுதிக்குள் நுழையும் படைவீரர் உளவாளி ஆகமாட்டார். பிடிபட்டால் போர்க்கைதி. வேட்டியோ கோட்டோ மாற்றிக்கொண்டு நுழைந்தால் அவர் உளவாளி, சுட்டுக்கொல்லலாம். ஆக, சீருடை அவருக்கு உயிர்க்காப்பு. ஆனால் படம் அதை உயிர்க்காப்பாக மட்டும் காட்டுவதில்லை. முதுகெலும்பு வளையாத ஒரு நடை, பெண்களிடம் ஒரு பணிவு, எதிரியின் வீட்டு மேசையில் வெண்ணெயைக் கண்டதும் முகத்தில் வரும் குழந்தைத்தனமான சந்தோஷம். (கீல் நகர ஓட்டலில் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொன்ன காட்சி நினைவிருக்கிறதல்லவா? படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.) இத்தனையும் சேர்ந்து சீருடையை ஒரு குணமாக மாற்றிவிடுகின்றன. இவர் நேர்மையானவர், உளவாளிகள் கீழானவர்கள். அவரை ஏமாற்றும் ஆசிரியை பிரிட்டிஷ் உளவாளி, கதைப்படி 'நம் பக்கம்'. ஆனாலும் ஏமாற்றப்பட்டவர்மீதுதான் நமக்கு இரக்கம் வருகிறது.

இந்தக் 'கண்ணியமான எதிரி'யை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பல போர்ப் படங்களில் வருவார். நல்ல குடும்பம், நல்ல வளர்ப்பு, சொன்ன சொல் தவறாதவர். நான் கேட்பது ஒரே கேள்வி. அந்தக் கண்ணியம் யாருக்குத் திறந்திருந்தது?

பிரஷ்ய ராணுவத்தில் அதிகாரியாகத் தேர்வு பெற படிப்பும் பயிற்சியும் போதாது. அந்தப் படைப்பிரிவின் அதிகாரிகள் கூடி, இவர் நம்மில் ஒருவராக இருக்கத் தகுந்தவரா என்று வாக்களிக்க வேண்டும். ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்வது போலத்தான். 1885க்குப் பிறகு முதல் உலகப்போர் தொடங்கும்வரை, பிரஷ்யாவில் ஒரு யூதர்கூட ரிசர்வ் அதிகாரியாக நியமிக்கப்படவில்லை. தடைச்சட்டம் எதுவும் இல்லை. அரசியலமைப்பில் சமத்துவம் எழுதப்பட்டிருந்தது. வாக்கெடுப்பில் மட்டும் அவர்கள் ஒருபோதும் தேறவில்லை. நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

பக்கத்தில் ஆஸ்திரியாவில் இன்னும் வெளிப்படையாகவே செய்தார்கள். அங்கே மேல்தட்டு மாணவர் சங்கங்களில் மானப் பிரச்சினை வந்தால் வாள்சண்டை போடுவது வழக்கம். 1896இல் ஜெர்மன் தேசியவாத மாணவர் சங்கங்கள் வைட்ஹோஃபன் தீர்மானம் என்று ஒன்றை ஏற்றன. யூதர் பிறப்பிலேயே மானமற்றவர், ஆகவே அவரை அவமதிக்கவே முடியாது, அவர் சண்டைக்கு அழைத்தால் ஏற்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இதை முதலில் படித்தபோது நூலகத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'அவர்களை அவமதிக்க முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு மானமே கிடையாது.' நம் ஊரில் இதை யாரும் தீர்மானமாகப் போட்டு வைக்கவில்லை, தேவைப்படவில்லை. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்த அதே ராணுவம், 1890களில் 'போர்ச் சாதி' என்ற பெயரில் மகர்களுக்குக் கதவை மூடியது. தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்கள் ஒரே நாளில் போரிடத் தகாதவர்கள் ஆனார்கள். ஓய்வுபெற்ற ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். மகர் ரெஜிமென்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனிக்குத் திரும்புவோம். போர் வந்ததும் கதவு கொஞ்சம் திறந்தது. ஏறத்தாழ 1 லட்சம் யூதர்கள் ஜெர்மனிக்காகச் சீருடை அணிந்தார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில், 1916 அக்டோபரில், பிரஷ்யப் போர் அமைச்சகம் ராணுவத்தில் உள்ள யூதர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுக்க உத்தரவிட்டது. யூதர்கள் முன்னணிக்குப் போகாமல் பதுங்குகிறார்கள் என்று புகார்களாம். எடுத்த கணக்கைப் போர் முடியும்வரை வெளியிடவேயில்லை. நம் படத்தின் கதை நடப்பது அதற்கு அடுத்த ஆண்டு. ஹார்ட் கடற்படைக்காரர், கணக்கெடுத்தது தரைப்படையில். அதை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் கழற்ற மறுத்து அவர் பெருமைப்படும் அந்தச் சீருடையை, அணிந்த பிறகும் சந்தேகிக்கப்பட்டவர்கள் அதே தேசத்தில் இருந்தார்கள். அவர்கள் படத்தில் இல்லை.

இனி எரிஷ் ஃபான் மான்ஸ்டைன். பரம்பரை பரம்பரையான பிரஷ்ய ராணுவக் குடும்பம். 1934 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ப்ளோம்பெர்க், யூத வம்சாவளியினரைப் படையிலிருந்து நீக்கும் விதியைக் கொண்டுவந்தார். சுமார் 70 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதை எதிர்த்து எழுத்தில் கடிதம் கொடுத்தவர் மான்ஸ்டைன். தோழர்களைக் கைவிடுவது ராணுவ மானத்துக்கு இழுக்கு என்பது அவர் வாதம். சரி, இவரல்லவா கண்ணியவான் என்று தோன்றும். 1941 நவம்பரில் சோவியத் மண்ணில் தன் படைக்கு அவர் பிறப்பித்த ஆணை, யூத-போல்ஷ்விக் அமைப்பை ஒரேயடியாக அழித்தொழிக்க வேண்டும் என்றது. இரண்டிலும் ஒரே மனிதரின் கையெழுத்து. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. தன் சபைக்குள் வந்துவிட்ட சிலருக்கு மானம் உண்டு, வெளியே இருப்பவர்களுக்குக் கிடையாது.

1949இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அவருக்கு 18 ஆண்டு தண்டனை கொடுத்தது. வழக்குச் செலவுக்கு லண்டனில் திரட்டிய நிதிக்குச் சர்ச்சிலும் பணம் தந்தார். 1953இலேயே மான்ஸ்டைன் வெளியே வந்துவிட்டார். 1955இல் நினைவுக்குறிப்பு எழுதினார், புதிய மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்கு ஆலோசனையும் சொன்னார். பனிப்போருக்கு ஜெர்மன் தளபதிகள் தேவைப்பட்டார்கள். அவர்கள் நாஜிகள் அல்ல, தொழில்முறை வீரர்கள் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. 1951இலேயே ரோமலை நல்லவராகக் காட்டும் 'தி டெசர்ட் ஃபாக்ஸ்' ஹாலிவுட்டிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பிம்பத்தைப் பொதுவெளியில் உடைக்க 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் நடத்திய கண்காட்சி வரை ஆனது. அதையும் எதிர்த்து ஊர்வலம் போனார்கள்.

இதெல்லாம் தொலைதூரக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். என் ஆய்வுக்காலத்தில் ஒரு மூத்த பேராசிரியர் இருந்தார். மாணவர்களைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார். ஒரு பெண் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். அத்தியாயத்தைப் பற்றிப் பேச அவர் வீட்டுக்கு மூன்று முறை போனேன், மூன்று முறையும் திண்ணைதான். ஒருமுறை பேரன் தூங்கினான், ஒருமுறை வீடு கழுவியிருந்தது, மூன்றாம் முறை காரணம் சொல்லவில்லை. கூட வந்த நண்பர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இதை நான் சொன்னபோது துறையில் எல்லோரும் சொன்ன பதில்: "அவரா? அவர் ஜென்டில்மேன் ஆச்சே!" கத்துகிறவனைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். ஜென்டில்மேனைப் பற்றி எங்கே போய்ச் சொல்வது?

ஆனாலும் இந்தப் படத்தைத் தூக்கிப் போட என்னால் முடியவில்லை. காரணம் அதை உருவாக்கியவர்கள். ஹார்ட்டாக நடித்த கான்ராட் ஃபைட் பெர்லின்காரர், 'டாக்டர் காலிகரி' படத்தில் தூக்கத்தில் நடப்பவராக வந்தவர். யூதர் அல்ல, மனைவி லிலி யூதர். நாஜிகள் கலைஞர்களிடம் இனத்தைக் கேட்டுப் படிவம் நீட்டியபோது அவர் 'யூதர்' என்று எழுதிக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1933இல் நாட்டைவிட்டு வெளியேறினார். மேல் பிறப்பு என்று கிடைத்த சலுகையை ஒரு சொல்லில் தூக்கியெறிந்த மனிதர், பிறகு பல படங்களில் ஜெர்மன் அதிகாரி வேடம் கட்டினார். 'காசாபிளாங்கா'வின் மேஜர் ஸ்ட்ராசரும் அவர்தான். ஸ்ட்ராசரைப் பார்த்து யாரும் 'என்னா மனுசன்யா' என்று சொல்வதில்லை.

படம் வந்து இரண்டு மாதத்தில், 1939 அக்டோபர் 14 அன்று, நிஜமான ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஸ்காப்பா ஃப்ளோவுக்குள் புகுந்து 'ராயல் ஓக்' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

திரைக்கதை எழுதிய பிரஸ்பர்கர் ஹங்கேரிய யூதர். பெர்லினில் உஃபா நிறுவனத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், நாஜிகள் வந்ததும் பாரிஸ் வழியாக லண்டனுக்குத் தப்பி வந்தார். தன்னைத் துரத்திய நாட்டின் அதிகாரியை இத்தனை கனிவோடு எழுதியவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1943இல், அதே இணை 'கர்னல் பிளிம்ப்' எடுத்தது. சர்ச்சில் தடுக்கப் பார்த்த படம். அதில் வயதான ஜெர்மன் அதிகாரி ஒருவர் பிரிட்டனில் அகதியாக வந்து நிற்கிறார். தன் பிள்ளைகள் நாஜிகளாகிப் போன கதையைச் சொல்கிறார். கனவான்களின் விதிப்படி போரிடுவேன் என்று அடம்பிடிக்கும் தன் ஆங்கிலேய நண்பரிடம், இது கனவான்களின் போர் இல்லை என்று வாதாடுகிறார். ஹார்ட்டின் வயதுக்காரர்தான், அதே பள்ளியில் வார்த்தவர்தான். ஆனால் இப்போது பிரஸ்பர்கர் அவரைப் பேச வைப்பது வேறு. பிரஸ்பர்கரின் தாய் ஹங்கேரியிலேயே இருந்தார். பிறகு அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

அடுத்த மாதம் அந்தப் படத்தைத் திரையிடுவோம். பின்வரிசைத் தம்பி, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். இப்போது உங்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம், மைக்கை அவரிடம் கொடுங்கள்.