கலம் ஏறுமுன்



கப்பல் ஏறுவதற்கு முன்னைய இரவில் ஒருவர் எங்கே தங்கினார், யார் வீட்டில் உண்டார் என்பது இலக்கிய வினாதானா என்று சிலர் ஐயுறக்கூடும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று இவ்வினாவைத் தன் உள்ளே தாங்கி நிற்கிறது. நம் பக்கத்து ஊராகிய ஆவடியும் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடை அத்துணை இனிமையானதன்று.

இன்று இப்பகுதியில் காணும் காட்சி ஒன்று. 2022 ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் கப்பல் சென்றது. இத்தகைய பயணத்துக்காக வெளியூரினின்றும் வானூர்தியில் மீனம்பாக்கம் வந்திறங்குவோர், விடுதிக்குச் செல்லாமல் அம்பத்தூரிலோ பூவிருந்தவல்லியிலோ உள்ள பழைய நண்பர் வீட்டை நாடுவது இயல்பு. தொழிற்பேட்டையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒரே தெருவில் குடக்கூலிக்கு இருந்தவர்கள். இரண்டு நாள் தங்குவார்கள். கப்பலைப் பற்றிப் பேச்சே எழாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் லாரிக்காக விடியற்காலையில் குடங்களுடன் நின்ற கதையே எழும். வந்தவருக்குக் கடற்பயணத்தைவிட இந்த இரண்டு நாளே பெரிதாகிவிடுவதும் உண்டு.

வானும் கடலும் நட்பும் ஒருங்கே அமைந்த இந்நிகழ்வைச் சீத்தலைச் சாத்தனார் எப்போதோ பாடிவிட்டார். மணிமேகலை முதன்முறை மணிபல்லவம் சென்றபோது தானே விரும்பிச் செல்லவில்லை. உவவனத்தில் உறங்கியவளை மணிமேகலா தெய்வம் வான்வழி எடுத்துச் சென்று அத்தீவில் வைத்தது. விழித்தவள் முதலில் தேடியது தோழி சுதமதியைத்தான். அறியாத கரையில், அறிந்த பெயரைச் சொல்லிக் கூவுகிறாள், மறுமொழி இல்லை. பின்னர்த் தீவதிலகை வந்து எதிர்கொண்டு, அமுதசுரபி கிடைக்க வழிகாட்டுகிறாள். தோழி இல்லாத இடத்தில் ஒரு விருந்தோம்புநர் வாய்த்தார் என்பது காப்பியம் செய்யும் அருள்.

ஆபுத்திரனுக்கு அந்த அருளும் இல்லை. மதுரையில் அமுதசுரபியால் பசி தீர்த்தவன், மழை பெய்து நாடு செழித்ததும் இரப்பார் இன்றித் தனியனானான். சாவகத்தில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தோர் கூற, அவர்களுடன் கலம் ஏறினான். கடுங்காற்றால் கலம் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது. அவன் கரையில் இறங்கினான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று கருதி, இருளில் பாய் விரித்துப் போய்விட்டார்கள். உண்பார் எவருமற்ற தீவில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு அவன் என் செய்வான்? கோமுகிப் பொய்கையில் அதனை இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விட்டான்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்வர். அது பிழை. அவனைத் தவறவிட்ட ஒன்பது செட்டிகள் திரும்பி வந்தார்கள். வணிகர்களாயிருந்தும் போன வழியே அவனைத் தேடி வந்தார்கள். அவன் இறந்து கிடப்பதைக் கண்டு தாமும் உண்ணாது மாய்ந்தார்கள். மறுபிறப்பில் சாவகத்து அரசன் புண்ணியராசனாகப் பிறந்த ஆபுத்திரன், மணிமேகலை சொற்கேட்டு மணிபல்லவம் வருகிறான். அவள் வான்வழியே முன்னதாகச் சென்று காத்திருக்கிறாள். அவன் கலத்தில் வந்து சேர்கிறான். கரையில் நின்று எதிர்கொள்ளும் அந்த இடம் காப்பியத்தின் மிக அழகிய இடங்களுள் ஒன்று. உரையாசிரியர்கள் அதற்கு உரிய இடம் தரவில்லை. அங்கே அவன் தன் பழைய எலும்புகளையும், தன் பொருட்டு மாய்ந்த ஒன்பதின்மரின் எலும்புகளையும் பற்றித் தீவதிலகை வாயிலாக அறிகிறான்.

இனி ஆவடி. இப்பெயரைக் கேட்டதும் 1955இல் கூடிய காங்கிரசு மாநாடு நினைவுக்கு வரும். படைத்துறைத் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும். அவற்றுக்கு முன்பே, மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாள்களைக் கப்பல் ஏற்றும்வரை வைத்திருக்கும் முகாம் இங்கே இருந்தது. தமிழகத்தில் இத்தகைய முகாம்கள் இரண்டு: ஒன்று நாகப்பட்டினத்தை அடுத்தது, மற்றொன்று ஆவடி. கங்காணி ஊரில் ஆள் திரட்டுவான். கொணரப்பட்டோர் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, அம்மை குத்தப்பெற்று, கப்பல் நாளை எதிர்நோக்கிக் கிடப்பர். 1938இல் இந்திய அரசு இவ்வகைக் குடிபெயர்ப்பைத் தடை செய்தது.

அவர்களுக்குச் சென்னையில் நண்பர் இல்லை. நண்பர் இருந்தாலும் போக விடுவாரா என்பது வேறு. பெரும்பாலோர் சேரிகளிலிருந்தும் வறண்ட சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள். எந்தத் திண்ணை அவர்களை ஏற்றிருக்கும்? பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகளின் வரலாறு நாம் அறிந்ததே. இராமாநுசர் அவரைக் குருவாக மதித்து உண்ண அழைத்தார். அவரோ இராமாநுசர் இல்லாத வேளையில் வந்து உண்டு போனார். இல்லாள் அவ்விடத்தைக் கழுவித் தலைமுழுகினாள் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அடியார்க்கே அந்நிலை என்றால், கூலிக்குக் கடல் கடப்பவர்க்கு முகாமின் கூரையன்றி வேறேது? விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். எவரை விருந்தாக ஏற்றோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அம்முழக்கம் நேர்மையாகும்.

ஆயினும் நட்பு அவர்களிடம் பிறந்தது; கப்பலிலே பிறந்தது. பிஜியிலும் கரீபியன் தீவுகளிலும் ஒரே கலத்தில் வந்தவர்கள் ஒருவரையொருவர் 'ஜஹாஜி பாய்', கப்பல் உடன்பிறப்பு, என்று அழைத்துச் சாகும்வரை உறவு போற்றினர். மலேயாவுக்கு 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' பல தலைமுறையினரைச் சுமந்தது. பிறகு 'சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றியது, பலர் மாண்டனர். சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் அத்துடன் கதையாயிற்று. இன்று அங்கிருந்து வருவோர் வானூர்தியில் நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகின்றனர்.

அவ்வாறு வருவோருள் ஆவடி முகாமில் கிடந்தவர்களின் பேரர்களும் இருப்பர். அவர்கள் மீனம்பாக்கத்தில் இறங்கிப் புறவழிச்சாலையில் அம்பத்தூர் நோக்கி வரும்போது, தம் பாட்டன் கடைசியாகத் தமிழ்மண்ணில் உறங்கிய ஊர் சில கல் தொலைவில் இருப்பதை யார் அவர்களுக்குச் சொல்வார்? இக்கழகத்துக் கவிஞர்கள் பத்தாண்டுகளில் நிலாவையும் மழையையும் நிரம்பப் பாடியிருக்கிறார்கள். ஆபுத்திரனைத் தேடித் திரும்பிய அந்த ஒன்பதின்மர் போல, ஆவடி முகாமை நோக்கித் திரும்பிய கவிதை ஒன்றேனும் இம்மலரில் இடம்பெற்றிருக்கிறதா என்று பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.